ரேடியோ கார்டன், பென் டிரைவ், செக்கிங் டேபிள்: ஊரு பேரு தெரியாத பாட்டத் தேடிக் கேட்ட கதை

மொதல்லயே சொல்லிப்போடறேன், நான் பாட்டு படிச்சவன் கெடையாது, சுரம் ராகமெல்லாம் கேள்வி ஞானந்தான். ஊடு அவிநாசி பக்கம், சோலி திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி செக்கிங் செக்சன்ல. காலைல எட்டரைக்கு உள்ள போனா ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி எட்டரைக்குத்தான் வெளிய வருவோம். கண்ணும் கையும் பீஸ் மேல இருக்கும், காது சும்மாதான இருக்குது, அதுக்கு எதையாச்சும் போட்டுட்டே இருக்கோணும். சில வருசமா வேற தேசத்துப் பாட்டுக கேக்கறதுக்கு நான் எதையெல்லாம் வெச்சுப் பாத்தேன், எது பிரயோஜனப்பட்டுது, கெடச்சத அடுத்தவங்க காதுல எப்படி ஏத்தறதுன்னு எழுதறேன், பாட்டுக் கிறுக்கு இருக்கறவங்களுக்கு ஒதவும்.

ஆரம்பத்துல காசு கட்டி ஒரு ஸ்ட்ரீமிங் ஆப் வெச்சிருந்தேன், பேரு வேண்டாம், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கதைதான். மாலி நாட்டு கிட்டார் பாட்டு ஒண்ணக் கேட்டம்னா அடுத்த ஒரு மாசத்துக்கு மாலி கிட்டாராவே தள்ளி உடும். ஊட்டுல புள்ளைக நம்ம போன எடுத்து ரைம்ஸ் போட்டுட்டாங்கன்னா அதோட சரி, அந்த வாரம் பூரா யானை குதிரைதான். நாம கேட்டதுக்கு ஒட்டுனாப்ல இருக்கறத அது நல்லா எடுத்துக் குடுக்கும், அதுல கொறை சொல்ல முடியாது. ஆனா நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒண்ண எதுக்கு அது காட்டப் போகுது?

அதுக்குத்தான் ரேடியோ கார்டன். தெரியாதவங்களுக்குச் சொல்றேன், 2016 கடைசில நெதர்லாந்துல இருந்து வந்தது, போன்ல ஆப்பாவும் இருக்கு. தொறந்தா பூமி உருண்டை வரும், அது மேல பூராப் பச்சைப் புள்ளி, ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஊரு. வெரல்ல உருண்டையத் தள்ளித் தள்ளி எந்த ஊருல நிறுத்தறமோ அந்த ஊரு ரேடியோ அந்த நிமிசம் என்ன பாடுதோ அது கேக்கும். அவ்வளவுதான் விசயம். நம்மளப் பத்தி எதுவும் கேக்காது, உங்களுக்குப் புடிச்ச பாடகர் யாருன்னு மூணு பேரத் தேர்ந்தெடுங்கன்னு படுத்தாது. கோடை எஃப்எம் 100.5 வெச்சுட்டுக் காலைல எந்திரிச்சுப் பழகுன ஆளுகளுக்கு இது புதுசாவே தெரியாது, அலைவரிசை முள்ளு திருப்பறதுக்குப் பதிலா பூமியத் திருப்பறோம்.

செலவு பயப்படற அளவுக்கு இல்லீங்க. 128 கேபிபிஎஸ் ஸ்ட்ரீம்னா ஒரு மணி நேரத்துக்குச் சுமாரா 58 எம்பி ஆகும், தெனம் ஒன்றரை ஜிபி பேக் போட்டிருந்தா தாராளம். சின்ன ஊரு ஸ்டேசனுக பாதி இன்னும் கம்மிலயே ஓடும், சவுண்டு கொஞ்சம் கரகரன்னு இருக்கும், அது வேற. ஆப்புகிட்ட தனியா பாட்டு எதுவும் கெடையாது, அந்தந்த ஸ்டேசன் நெட்ல உடறத நமக்குக் கொண்டாந்து சேக்குது, அதனால அங்க கரண்டு போனா இங்கயும் ஊமைதான், பின்னாடி போயி மறுக்காக் கேக்கவும் வழியில்ல. உரிமப் பிரச்சினைல 2022ல பிரிட்டன்காரங்களுக்கு வெளிநாட்டு ஸ்டேசனெல்லாம் நின்னு போச்சு, நமக்கு அந்தத் தொந்தரவு வரல.

இத வெச்சுக்கறதுல நேரங்காலம்தான் முக்கியம், இது எனக்கு நெம்ப நாள் கழிச்சுத்தான் புடிபட்டுது. எந்த ஊரா இருந்தாலும் காலைல ட்ராஃபிக் நேரத்துல பேச்சும் வெளம்பரமுந்தான், நல்ல பாட்டெல்லாம் ராத்திரியோ மத்தியானமோதான் வரும். இங்க ராத்திரி ஒம்போதரைன்னா கொலம்பியால பொகோட்டாவுல காலைல பதினொண்ணு, கும்பியாங்கற அந்த ஊரு ஆட்டப் பாட்டு போடுவாங்க, சாப்பிட்டுட்டே கேக்கலாம். விடியால ஆறு மணிக்கு எந்திரிச்சா கேப் வெர்டே தீவுல முந்துன நாள் ராத்திரி பதினொன்றரை, மோர்னான்னு ஒரு மெதுவான பாட்டு அந்த நேரத்துல மாட்டும், செசாரியா எவோராங்கற அம்மா செருப்பில்லாம மேடை ஏறி உலகம் பூராப் பாடிட்டு வந்தது அந்த வகைதான். எந்திரிச்ச ஒடனே அதக் கேட்டா வேலைக்குப் போற நெனப்பே வராது, அதனால திங்கக்கெழமை வேண்டாம்.

பாட்டு புடிச்சுப் போச்சு, பேரு என்னன்னு எப்படிக் கண்டுபுடிக்கறது? எல்லாரும் ஷசாம் ஆப்புங்கறாங்க. ஷசாம் ஒரு பதிவோட கைரேகையாட்டம் ஒண்ண எடுத்து அதுகிட்ட இருக்கறதோட ஒப்பிடுது, அதே பதிவு அங்க இருந்தாத்தான் பேரு சொல்லும். ஸ்டுடியோவுல உக்காந்து நேரா பாடறது, கல்யாணத்துல புடிச்ச கேசட்டு, இதெல்லாம் வந்தா முழிக்கும். நான் பண்றது என்னன்னா ஸ்டேசன் பேரும் மணியும் ஒரு நோட்டுல எழுதிக்குவேன், கொஞ்சத்தப் போன்லயே ரெக்கார்டு போட்டுக்குவேன், ரெண்டு நாள் கழிச்சும் அந்த மெட்டு மண்டைக்குள்ள ஓடுனாத்தான் தேடறது. முக்காவாசி ஓடாது, உட்டுடலாம்.

அப்படி உடாம ஓடுனது எத்தியோப்பியா. அங்க டிஸிட்டான்னு ஒரு சுர வரிசை இருக்கு, அதுல ஒரு வகைல வர்ற அஞ்சு சுரம் நம்ம மோகனத்துல வர்ற அதே அஞ்சு சுரம், ச ரி க ப த. பாடற விதம் வேற, கமகம் நம்ம மாதிரி இல்ல, கொரல நடுங்க வெச்சுப் பாடுவாங்க, பின்னாடி சாக்ஸபோனு. ஆனா அடி மனசுக்கு அது அசலூராவே தெரியறதில்ல. 1960, 70கள்ல அடிஸ் அபாபாவுல வந்த இசைத்தட்டுகள பிரான்சுக்காரங்க எத்தியோப்பிக்ஸ்னு ஒரு வரிசையா மறுபடி கொண்டாந்தாங்க, முலாட்டு அஸ்டாட்கேன்னு எத்தியோ ஜாஸுக்குப் பேருபோன ஆளும் அதுல இருக்காரு. புதுசாக் கேக்கறவங்க யாராயிருந்தாலும் நான் இங்கிருந்துதான் ஆரம்பிக்கச் சொல்லுவேன், நேரா ரஷ்யாவுல இருக்கற துவா பக்கத்துத் தொண்டைப் பாட்டுக்குப் போனீங்கன்னா அன்னைக்கோட முடிஞ்சுது.

இனி பகிர்ந்துக்கற விசயம். வாட்சப்புல லிங்க் தாட்டி உடறது சுத்த வேஸ்ட்டுங்க. ப்ளூ டிக் விழும், ஒரு கட்டவெரல் வரும், பாட்டு ஓடியிருக்காது. கூடவே 'இது மாலி நாட்டுல பாலைவனத்துல இருக்கற ஆளுக'ன்னு நாலு வரி எழுதி உட்டா இன்னும் மோசம், பாடம் எடுக்கறான்னு நெனச்சுக்குவாங்க. செக்சன்ல ஒரு புளூடூத் ஸ்பீக்கர் இருக்கு, நாலு மணி டீக்கு அப்பறம் அது என்ற கைக்கு வரும். ராஜா பாட்டு நாலு, அதுக்கு எடைல வெளிய ஒண்ணு, அப்பறம் மறுபடி ராஜா. எதுவும் சொல்றதில்ல, கையும் நிக்கறதில்ல. எத்தியோப்பியா பாட்டு போட்ட அன்னைக்கு, காலர்ல ஊசித் துளை பாத்துட்டு இருந்த அக்கா ஒருத்தங்க தலையே நிமிராம கூட முணுமுணுத்தாங்க, என்ன பாட்டுன்னு கேக்கல, நானும் சொல்லல. ஒரு வாரங்கழிச்சு 'அந்த மோளக்காரம் பாட்டு போடு சாமி'ன்னாங்க. மோளமே இல்லாத பாட்டுங்க அது. எதுன்னு எனக்குப் புரிஞ்சுது, போட்டேன்.

திருப்பி நமக்கும் வரும். எங்க பேக்கிங்ல மேற்கு ஒடிசாப் பசங்க இருக்காங்க, ஞாயித்துக்கெழமை ரூம்ல சம்பல்புரி பாட்டு போட்டு ஆடுவாங்க. ஒருத்தன் போன்ல காட்டுனான், டோல், நிசான், தாசாங்கற மேளம், தாளத்தோட முஹுரின்னு ஒரு ஊதுகுழல். கேட்ட ஒடனே சீவாளி வெச்சு ஊதறதுன்னு தெரிஞ்சு போச்சு, நம்ம கோயில் நாதஸ்வரத்தோட பங்காளி. நான் ரேடியோ கார்டன்ல வருசக்கணக்கா உலகத்தச் சுத்தறேன், இது பத்தடி தள்ளி பேக்கிங்ல அட்டைப்பெட்டி ஒட்டிட்டு இருந்திருக்கு. பதிலுக்கு அவனுக்கு நம்ம ஊரு நோம்பில அடிக்கற ஜமாப் வீடியோ காட்டுனேன், அந்த அடிய அட்டைப்பெட்டி மேல தட்டிப் பாத்து சூப்பர்வைசர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டான்.

இந்தக் கைமாத்து வேலை சகாராவுல நெம்ப பெருசு. தினாரிவென்னு துவாரெக் ஆளுக குழு, அதத் தொடங்குன இப்ராஹிம் அக் அல்ஹபீப் சின்னப் பையனா இருக்கையில தகர டப்பா, குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி வெச்சு கிட்டார் செஞ்சவரு. கடைல விக்காத அவங்க பாட்டு கேசட்டு மேல கேசட்டா காப்பியாகி ஒவ்வொரு கையாப் பாலைவனத்தத் தாண்டுச்சு, 2012ல கிராமி வரைக்கும் போச்சு. பின்னால கேசட் போயி போன் வந்தப்ப மெமரி கார்டு, புளூடூத்லயே பாட்டு பரவுச்சு. சாஹேல் சவுண்ட்ஸ்னு ஒரு கம்பெனி நடத்தற அமெரிக்கக்காரர் அந்தக் கார்டுகள்ல இருந்த பாட்டுக்குச் சொந்தக்காரங்களத் தேடிப் புடிச்சு ஆல்பமா போட்டாரு. இதப் படிச்சப்ப எனக்கு நம்ம பழைய பஸ் ஸ்டாண்டு மொபைல் கடைகதான் கண்ணு முன்னால வந்துது. ரெண்டு ஜிபி கார்டக் குடுத்தா சோகப் பாட்டு, சாமி பாட்டு, குத்துப் பாட்டுன்னு ஃபோல்டர் ஃபோல்டரா ஏத்தித் தருவாங்களே, அதுல கடைக்காரப் பையன் இஷ்டத்துக்குச் சேத்த நாலு பாட்டும் இருக்கும், பல பேருக்கு அந்த நாலுதான் ஆயுசுக்கும் நின்னுச்சு.

அதனால இப்ப நான் பென் டிரைவ்தான். காசு குடுத்து வாங்கறதுக்கு பேண்ட்கேம்ப்னு பாட்டு விக்கற சைட்டு பரவால்ல, டிஜிட்டல் விலைல 15 சதவீதமும் பணம் கட்டற சார்ஜும் எடுத்துக்கிட்டு மீதியப் பாடறவங்க பக்கம் உடறாங்க, கார்டுல இன்டர்நேஷனல் டிரான்சாக்சன் ஆன் பண்ணியிருக்கோணும். சத்தத்துல எதுவும் கொறையாத எஃப்எல்ஏசி ஃபைலும் எடுத்துக்கலாம், ஆனா பழைய வண்டி செட்டு பலதுல அது ஓடாது, எம்பித்ரீ 320ல எறக்குங்க. கம்பெனி வேன் டிரைவரண்ணனுக்கு காங்கோ ரும்பா ஏத்திக் குடுத்தேன். யுனெஸ்கோ 2021ல மரபுப் பட்டியல்ல சேத்ததுன்னெல்லாம் அவருகிட்டச் சொல்லல. மொத பாதி மெதுவா பாடிட்டே போகும், அப்பறம் செபேன்னு ஒரு கட்டம் வரும், ரெண்டு மூணு கிட்டார் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு சுத்தும், ஆடறவங்க காத்துட்டு இருக்கறதே அதுக்குத்தான். அண்ணன் இப்ப கேக்கறது, 'அந்த ரெண்டாம் பாதி மட்டும் வெட்டித் தா தம்பி, பெருமாநல்லூர் வர்றதுக்குள்ள பாட்டுக்காரன் பேசியே கொல்றான்'. வெட்டித் தர மனசு வரல, ஆனா அவரு சொல்றதும் நாயந்தான்.

எல்லாத்துலயும் பெரிய ரசிகை என்ற அமுச்சி, அம்மாவப் பெத்தவங்க. நைஜீரியாவுல இபாதான் ஊரு யோருபா ஸ்டேசன் ஓடிட்டு இருந்துது, பேசும் மேளம் வாசிச்சாங்க. நடு சிறுத்த மேளம், ரெண்டு பக்கமும் தோலு, சுத்தி வாரு, அக்குள்ல வெச்சு அந்த வார அமுக்குனா சத்தம் ஏறும், உட்டா எறங்கும். யோருபால ஒரே சொல்லுக்கு ஏத்த எறக்கத்துல பொருள் மாறும், அதனால அந்த மேளத்துல வாக்கியமே அடிச்சுச் சொல்லுவாங்க. அமுச்சி ஆசாரத்துல கட்டல்ல படுத்திருந்தது எந்திரிச்சு உக்காந்து 'ஆரு கண்ணு, அண்ணமாரு கதை படிக்கறாங்களா'ன்னு கேட்டுச்சு. அண்ணமாருன்னா பொன்னர் சங்கர், அந்தக் கதை படிக்கறப்ப அடிக்கற உடுக்கையும் அதே சங்கதிதான, இடுப்புக் கயிற அமுக்கித்தான சத்தத்த வளைக்கறாங்க. நம்ம உடுக்கடிப் பாட்டையும் ஒரு வெளியூர்க்காரங்கதான் உக்காந்து முழுசாக் கேட்டாங்க, பிரெண்டா பெக்ங்கற மானிடவியல் ஆராய்ச்சிக்கார அம்மா 1965ல காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்துல கதை பூராவும் டேப்புல புடிச்சாங்க. அமுச்சி வயசு ஆளுக பல ராத்திரி முழிச்சிருந்து கேட்டது, நான் மொதல்ல கேட்டது நெட்லதான்.

எடுபடாததும் இருக்கு. பாலித் தீவுல கமெலான்னு வெங்கலக் கருவிக் கூட்டம் இருக்கு, அதுல ரெண்டு ரெண்டு கருவிய ஜோடியாக்கி ஒண்ண லேசா ஏத்தி ஒண்ண லேசா எறக்கித்தான் சுதி வெப்பாங்க, சேந்து அடிச்சா காத்துல சத்தம் நடுங்கும். போன் ஸ்பீக்கர்ல அது வெறும் பாத்திரக் கடை, நல்ல ஹெட்போன் இல்லாமத் தொடாதீங்க. துவா தொண்டைப் பாட்டு, ஒரே ஆளு தொண்டைல கீழ ஒரு சத்தம் மேல விசில் மாதிரி ஒரு சத்தம், அத செக்சன்ல போட்டன்னைக்கு மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரோட ஓடியாந்து 'எந்த ஓவர்லாக்குல மோட்டர் போச்சு'ன்னு ஒவ்வொரு மிஷினாக் காது வெச்சுப் பாத்தாரு. அதுல இருந்து அது மட்டும் ஷிப்ட் முடிஞ்சு வேன்ல போட்டுக்கறது.