வீட்டு மரத்தை வெட்ட யாரைக் கூப்பிடுவது?

ராமநாதபுரம் கடலோரத்தில் வீட்டு மரத்தைக் கவாத்து செய்யவோ வெட்டவோ மூன்று வகை ஆட்கள் கிடைப்பார்கள். அரிவாளும் கயிறுமாக வரும் உள்ளூர் மரமேறி, மரத்தையே எடுத்துக்கொண்டு கணக்கை முடிக்கும் விறகு வியாபாரி, செயின்சா, ஜேசிபி, கிரேன் என்று கொண்டுவரும் மெஷின்காரர். பொதுவாக எல்லாரும் கூலியைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது வெட்டிய மரம் யாருக்குப் போகிறது என்பதை. எவ்வளவு வெட்டுவார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

வியாபாரியை முதலில் எடுத்துக்கொள்வோம். "காசெல்லாம் வேணாம்ணே, மரத்த எடுத்துக்கிறேன்" என்பார். கொல்லையில் மண்டிக் கிடப்பது சீமைக்கருவேலம் என்றால் தாராளமாகச் சரி சொல்லலாம். நம் பக்கம் அது கரிமூட்டத்துக்குப் போகிற சரக்கு. நிறைய இருந்தால் அவரே நமக்குக் காசு கொடுத்து எடுத்துப்போவார். சிக்கல் என்னவென்றால் அவருக்கு வேண்டியது தண்டும் பருத்த கிளையும்தான். தூரைத் தோண்டுவதில் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. தரையோடு அறுத்துவிட்டுப் போவார், அடுத்த மழைக்கு அதே தூரிலிருந்து கொத்தாகத் துளிர்த்து நிற்கும். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லி ஊர் ஊராகக் கருவேலத்தை அழித்தார்களே, மேலாக வெட்டிய இடங்கள் மறுபடி காடாகிவிட்டன. தூரும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுத்துவிடலாம்.

வேம்பு, வாகை, பூவரசு என்றால் கதையே வேறு. ஓட்டுக்கூரை மேல் சாய்ந்த ஒரே ஒரு கிளையை எடுக்கத்தான் கூப்பிட்டிருப்போம். வியாபாரியின் கண் அதற்குப் பக்கத்தில் இருக்கும் பருத்த கிளைக்குப் போகும். "இதையும் எடுத்துட்டா வீட்டுக்கு நல்லதுண்ணே" என்பார். அவர் பிழைப்பு அது, தப்புச் சொல்வதற்கில்லை. நிழலுக்காக வளர்த்த வேம்பைக் கவாத்து செய்ய மட்டும் அவரைக் கூப்பிடாதீர்கள்.

மரமேறிக்கு நாள் கூலி. ஒரு கிளை வெட்டினாலும் நாலு கிளை வெட்டினாலும் அவர் வாங்கப்போவது அதே காசுதான், அதனால் கூடுதலாக வெட்டும் ஆசை அவருக்கு வராது. உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஏறிப் பழகியவர்கள் மரத்தைச் சுற்றி வந்து பார்த்ததுமே காற்று எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். கடற்கரை மரம் எதுவும் நேராக நிற்பதில்லை. "இந்தக் கிளைய எடுத்தா மரம் மொத்தமா அங்கிட்டுச் சாஞ்சுரும், விட்டுருவோம் தம்பி" என்று ஒருவர் சொன்னால் அவரை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். நல்ல ஆள் பருத்த கிளையை ஒரே வெட்டில் சாய்க்கமாட்டார். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் அடிப்பக்கம் கொஞ்சம் வெட்டு போடுவார். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுப்பார். கனம் இறங்கிவிடும், பட்டையும் கிழியாது. மிச்சம் நிற்கும் கட்டையை, கிளை புறப்படும் இடத்தில் மோதிரம் மாதிரி புடைத்திருக்குமே, அதை ஒட்டி வெளியே எடுப்பார். அந்தப் புடைப்பு தப்பினால்தான் காயம் மூடும். மேலிருந்து ஒரே போடாகப் போட்டால் கிளை தன் கனத்திலேயே முறிந்து, அடிமரத்துப் பட்டையைக் கீழ் வரைக்கும் உரித்துக்கொண்டு விழும். அந்தப் புண் வழியாகத்தான் பிற்பாடு கரையானும் அழுகலும் உள்ளே போகும்.

கயிற்றையும் பாருங்கள். விசைப்படகில் கழித்துப் போட்ட நைலான் கயிறு இங்கே சும்மா கிடைக்கும், பலர் அதைத்தான் கொண்டுவருகிறார்கள். வெயிலில் வெளிறி, தொட்டால் மாவாக உதிர்கிற கயிறு கிளைக்கே தாங்காது, அதில் ஆள் எப்படித் தொங்குவது? புதுக் கயிறு நாமே வாங்கிக் கொடுத்துவிடலாம்.

தென்னையில் இன்னொரு தொல்லை உண்டு. "சுத்தம் பண்ணித் தர்றேன்" என்று பச்சை மட்டையையும் மரத்தோடு ஒட்டி வெட்டிவிடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பச்சைக் காயத்து வாசனைக்கே சிவப்புக் கூன்வண்டு தேடி வந்து முட்டை வைக்கும். பச்சை மட்டையை வெட்டியே ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். காய்ந்த மட்டையையும் பாளையையும் எடுத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

மெஷின்காரர் மூவரில் விலை கூடியவர். ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை, வந்து போகிற நேரமும் சேரும். கீழக்கரை மாதிரி குறுகிய தெருக்களில் வண்டியே நுழையாது. ஆனாலும் வீட்டுச் சுவரை ஒட்டிப் பட்டுப்போன பெரிய மரம் நின்றால் நான் அவரைத்தான் சொல்வேன். பட்ட மரத்தில் ஏறுவது உயிரோடு விளையாடுகிற வேலை, எந்தக் கிளை எப்போது முறியும் என்று ஏறுகிறவருக்கே தெரியாது. கிரேனில் கட்டித் தொங்கவிட்டுத் துண்டு துண்டாக இறக்குவதே சரி. நம் மணலில் கிரேன் நிற்க, அதன் கால்களுக்கு அடியில் கனமான பலகை போட வேண்டும். பலகை கொண்டு வருவீர்களா என்று போனிலேயே கேளுங்கள். "அதெல்லாம் நிக்கும்" என்று பதில் வந்தால் அடுத்த ஆளுக்குப் போன் போடுங்கள்.

ஜேசிபியை வைத்துத் தூரைப் பிடுங்கும்போதும் கவனம் தேவை. வேர் பக்கவாட்டிலும் ஓடியிருக்கும். ஒரே இழுப்பில் செப்டிக் டேங்க் மூடியும் தண்ணீர்க் குழாயும் சேர்ந்து வந்துவிடலாம். வீட்டை ஒட்டிய தூர் என்றால் ஆள் வைத்துச் சுற்றித் தோண்டி வேரை அறுத்து எடுப்பதே நல்லது.

மின்கம்பி பக்கத்தில் போனால் இந்த மூவரில் யாரும் தொடக் கூடாது. மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் அரிவாள் மேலே போக வேண்டும். ரோட்டோர மரம் வாசலை மறைத்தாலும் அது நம் மரமில்லை, அனுமதி வாங்கித்தான் எடுக்க முடியும். பனைக்கும் அப்படித்தான், சொந்த நிலத்தில் நின்றாலும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். செங்கல் சூளைக்கு வாங்க வருகிறவர் இதையெல்லாம் சொல்லமாட்டார். காவோலை, அதாவது காய்ந்த பனை ஓலை கழிக்க மட்டும் பனையேறி போதும், சாயல்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

யாரைக் கூப்பிட்டாலும் எந்தெந்தக் கிளை, தூர் உண்டா இல்லையா, தழையை யார் அள்ளுவது, ஓடு உடைந்தால் யார் பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வெட்ட வேண்டிய கிளையில் சுண்ணாம்பால் கோடும் போட்டுவிடுங்கள். பாதிப் பணம் தழை போன பிறகு.

ஆடிக் காற்று அடங்கியதும் ஆவணி, புரட்டாசியில் வேலையை முடித்துவிட வேண்டும். ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்த பிறகு போன் போட்டால் மூன்று பேரில் ஒருவரும் சிக்கமாட்டார்கள். சிக்குகிறவர் கேட்கிற கூலியைக் கொடுக்க வேண்டியதுதான்.