வாயுத் துளை நேர்ப்படாதபோது: நேரடி வாயுவா, பிஸ்டனா?

குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள், அதைத் தள்ளிவரும் வாயுவில் ஒரு சிறு பங்கைத் துளை வழியே திருடித்தான் வாயுவால் இயங்கும் அரைத் தானியங்கி ரைஃபிள் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிறது. திருட்டு குறைந்தால் எந்த வடிவமைப்பிலும் அறிகுறி ஏறத்தாழ ஒன்றுதான்: வெற்று உறை முழுதாக வெளியேறாமல் சிக்கும்; கடைசித் தோட்டா சுட்ட பிறகு போல்ட் (தோட்டாவின் பின்புறத்தைப் பூட்டும் பகுதி) பின்னால் நிற்கும்படி அமைந்த துப்பாக்கியில் அது நிற்காது. பழுது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதில்தான் நேரடி வாயு, பிஸ்டன் என்ற இரண்டு ரகங்களும் பிரிகின்றன.

அமெரிக்க ரைஃபிளான ஏஆர்-15 ரகத்தில் வாயு ஒரு மெல்லிய குழாய் வழியாகப் பின்னோக்கி ஓடி, போல்ட்டைச் சுமக்கும் பகுதிக்குள் விரிகிறது. இதை 'நேரடி வாயு' என்று எல்லோரும் சொன்னாலும், 1956இல் விண்ணப்பித்த காப்புரிமையில் அதை வடிவமைத்த யூஜின் ஸ்டோனர் அந்தப் பெயரை ஏற்கவில்லை. அங்கே போல்ட்டே பிஸ்டனாக இயங்குகிறது. விசையும் குழலின் அச்சிலேயே விழுகிறது. அழகான ஏற்பாடு.

ஆனால் குழலில் உள்ள துளையின் விட்டம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். அதன்மேல் உட்கார்ந்து வாயுவைக் குழாய்க்குள் திருப்பும் வாயுத் தொகுதி துளையை முழுதாக மறைத்துவிடுவதால், கொஞ்சம் திரும்பியிருந்தாலும் வெளியிலிருந்து தெரியாது. பலர் தவறுவது இன்னொரு இடத்தில். குழலைச் சுற்றியுள்ள பழைய பாணி முன்கைப்பிடியின் மூடித் தகடு, குழலின் தோளுக்கும் (குழலின் தடிமன் மாறும் படிக்கும்) தொகுதிக்கும் நடுவே நிற்கும். தடிமன் சுமார் 0.6 மில்லிமீட்டர். அந்தத் தகட்டைக் கணக்கில் வைத்துத் துளையிட்ட குழலில், தகடு இல்லாமல் புதிய தொகுதியைத் தோளோடு ஒட்டத் தள்ளினால், நேர்த்தியாகப் பொருத்திய திருப்தியோடு துளையின் ஒரு பகுதியை நாமே அடைத்துவிடுகிறோம். தொகுதியைக் கழற்றிப் பார்த்தால் துளையைச் சுற்றிய கரி வட்டம் ஒருபக்கமாக ஒதுங்கியிருக்கும். அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பிஸ்டன் ரகத்தில் வாயு ஒரு பிஸ்டனைத் தள்ள, அதன் அசைவு போல்ட்டை நகர்த்துகிறது; அங்கே பாகங்கள் நேர்ப்படாத கோளாறு உராய்வாக வெளிப்படுகிறது. அதனால் கையே கண்டுபிடித்துவிடும். பழைய அமெரிக்க ராணுவ ரைஃபிளான எம்1 கேரண்டில் தோட்டா எதுவும் இல்லை என்று கண்ணால் உறுதிசெய்துகொண்டு, சுருள்வில்லைக் கழற்றி, துப்பாக்கியைச் சாய்த்தால் பிஸ்டனின் அசைவைப் போல்ட்டுக்குக் கடத்தும் இயக்கத் தண்டு தன் எடையிலேயே வழுக்கி ஓட வேண்டும். இடையில் நின்றால், நின்ற இடத்தில் எதுவோ உரசுகிறது. (அந்தத் தண்டு வளைந்திருக்கிறதே என்று நிமிர்த்த முனைய வேண்டாம், பிறந்ததே அப்படித்தான்.)

பிஸ்டனுக்கும் ஒரு சாபம் உண்டு. ஏஆர் உடலில் பிஸ்டனை நுழைத்த மாதிரிகளில் விசை அச்சுக்கு மேலே விழுவதால், போல்ட் சுமப்பான் பின்பக்கம் சரிந்து, அது பின்வாங்கி நுழையும் பின்குழாயின் கீழ்விளிம்பைத் தேய்க்கிறது. தொடக்கத்திலேயே பிஸ்டனுக்காக வரையப்பட்ட எஃப்ஏஎல், ஏகே போன்ற ரைஃபிள்களுக்கு இந்தத் தொல்லை அரிது.

பழுது பார்ப்பவன் என்ற முறையில் என் ஓட்டு பிஸ்டனுக்கு, சுடுபவனாக ஸ்டோனருக்கு. எஃப்ஏஎல்லில் உள்ளதுபோல வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வாயு சீராக்கி இருந்தால் அதைத் திருகி உராய்வை மூடிமறைக்கும் ஆசை வரும். ஆனால் அதைப் பிறகு பழைய நிலைக்கே திருப்பிவிடலாம். நேரடி வாயுவில் அதே ஆசை துளையைப் பெரிதாக்கச் சொல்லும். பிறகு ஒருநாள் தொகுதி சரியான இடத்தில் உட்காரும்போது வாயு மிதமிஞ்சிப் பாய்ந்து போல்ட் வெறியோடு பின்னால் அடிக்கும். வாயுவைக் குறைக்கும் திருகுள்ள தொகுதியையோ புதிய குழலையோ தேடி அலைய வேண்டியதுதான்.