பேய் தேடும் கருவித் தொகுப்பு: எங்கள் வீட்டு அனுபவத்திலிருந்து ஒரு மதிப்புரை

ஆவிகளின் நடமாட்டத்தைக் கண்டறிய உதவும் என்ற விளம்பரத்தோடு இணையக் கடைகளில் கிடைக்கும் கருவித் தொகுப்பு ஒன்றை எங்கள் வீட்டில் வாங்கிப் பல மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். கைப்பெட்டி ஒன்றுக்குள் மின்காந்தப்புலத்தை அளக்கும் இ.எம்.எஃப். மீட்டர், அகச்சிவப்பு வெப்பமானி, மோஷன் சென்சார், ஒலிப்பதிவுக் கருவி, ‘ஸ்பிரிட் பாக்ஸ்’ எனப்படும் வானொலிப் பெட்டி ஆகிய ஐந்தும், அவற்றுடன் ஒரு கையேடும் இருக்கின்றன. தயாரிப்பாளரின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. இதே ஐந்து பொருள்கள் வெவ்வேறு பெயர்களில் ஏறத்தாழ ஒரே வார்ப்பாக விற்பனைக்கு வருவதால், பெயர் தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் நான்கும் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்யும் கருவிகள். அவை செய்யாத வேலையைச் செய்வதாகச் சொல்வது கையேடுதான். ஐந்தாவதை வாங்காமலே இருக்கலாம்.

இதை வாங்கியது என் தங்கை. மாடிப்படிக்குக் கீழே உள்ள மூலையைக் கடக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போன்ற உணர்வு அவளுக்கு உண்டு. அண்ணனின் அனுபவம் வேறு வகையானது: தூக்கத்திலிருந்து விழிப்பு வந்த பிறகும் உடலை அசைக்க முடியாமல், மார்பின்மேல் எதுவோ உட்கார்ந்து அமுக்குவது போலவும், கட்டிலருகே ஓர் உருவம் நிற்பது போலவும் தோன்றும் இரவுகளைச் சிறுவயது முதலே அவர் கண்டிருக்கிறார். எனக்கு இப்படி எதுவும் நேர்ந்ததில்லை என்பதால் கருவிகளைக் கையாளும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

தொகுப்பிலேயே உருப்படியான பொருள் இ.எம்.எஃப். மீட்டர். உள்ளங்கையில் அடங்கும் அதன் மேல்விளிம்பில், பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் ஐந்து விளக்குகள் இருக்கின்றன. காந்தப்புலம் 20 மில்லிகாஸைத் (காந்தப்புல வலிமையின் அலகு) தாண்டும்போது கடைசி விளக்கு எரியும் என்று அதன் முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். வீடுகளுக்கு வரும் மின்சாரம் நாட்டைப் பொறுத்து நொடிக்கு 50 அல்லது 60 சுற்றுகளாக முன்னும் பின்னும் திசைமாறிப் பாய்வதால் கம்பிகளைச் சுற்றி உண்டாகும் மாறுபடும் காந்தப்புலத்தை அளப்பதற்கென்றே இவ்வகை மீட்டர்கள் உருவாயின. பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் சுமார் 250 முதல் 650 மில்லிகாஸ் வரை இருந்தாலும், அது நிலையாக இருப்பதால் மீட்டர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. இதில் உள்ள உணர்சுருள் ஒன்றுதான். எனவே ஒரே இடத்தில் நின்று கருவியை வெறுமனே திருப்பினாலும் விளக்குகள் கூடிக் குறையும். அருகில் இருக்கும் கைப்பேசி சமிக்ஞை அனுப்பும்போதும் விளக்குகள் துள்ளும். ‘கேள்வி கேளுங்கள், விளக்கு பதில் சொல்லும்’ என்று எழுதும் கையேடு, கைப்பேசியை அணைத்துவிட்டுக் கேளுங்கள் என்று மட்டும் எழுதவில்லை.

தங்கையின் மூலையில் நான்காவது விளக்கு எரிந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மீட்டரைச் சுவரோடு ஒட்டி மெல்ல நகர்த்தியபோது, தோள் உயரத்தில் ஓரிடத்தில் ஐந்து விளக்குகளும் எரிந்தன. ஒரு கை நீளம் பின்வாங்கியதும் பச்சை மட்டுமே மிஞ்சியது. அந்தச் சுவரின் மறுபக்கத்தில்தான் வீட்டின் மொத்த மின்சாரமும் பிரிந்து செல்லும் பலகை இருக்கிறது. அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 50 ஹெர்ட்ஸ் புலத்துக்குப் பொதுமக்களின் பாதுகாப்புக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அளவு 2,000 மில்லிகாஸ். மீட்டரின் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும் அளவு அதில் நூறில் ஒரு பங்கு. உடலுக்குக் கெடுதல் என்று அஞ்ச வேண்டியதில்லை.

பேய் இல்லை, மின்சாரம்தான் என்று இத்துடன் கதையை முடித்துவிடவே அண்ணன் விரும்பினார். இந்த மீட்டரைப் பேயை நம்புகிறவர்கள் எவ்வளவு தவறாகப் பயன்படுத்துகிறார்களோ, நம்பாதவர்களும் ஏறக்குறைய அவ்வளவே தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது என் எண்ணம். மென்மையான காந்தப்புலத்தைத் தலையில் செலுத்தினால் யாரோ அருகில் இருப்பது போன்ற உணர்வு உண்டாகும் என்று கனடாவின் மைக்கேல் பெர்சிங்கர் தலைக்கவசம் ஒன்றைக் கொண்டு சோதனைகள் நடத்தியது உண்மை. ஆனால், யாருக்குப் புலம் செலுத்தப்படுகிறது என்பது சோதனை நடத்துபவருக்கும் உட்படுபவருக்கும் தெரியாத முறையில் சுவீடன் ஆய்வாளர்கள் அதையே செய்து 2005இல் வெளியிட்டபோது, அனுபவம் நேர்வதற்கும் புலத்துக்கும் தொடர்பு தெரியவில்லை; பிறர் சொல்வதை எளிதில் மனத்தில் ஏற்றுக்கொள்ளும் இயல்பு உடையவர்களுக்கே அது அதிகம் நேர்ந்தது. லண்டனில் கிறிஸ் பிரெஞ்சும் அவருடைய குழுவினரும் காந்தப்புலத்தையும் காதுக்கு எட்டாத தாழ்வொலியையும் செலுத்தக்கூடிய ஓர் அறையை அமைத்து, அதில் 79 பேரைத் தனித்தனியாக உலவவிட்டார்கள். விசித்திரமான உணர்வுகள் ஏற்படக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்த அவர்களில் பெரும்பாலோர் ஏதேனும் ஓர் உணர்வு ஏற்பட்டதாகவே தெரிவித்தார்கள். 2009இல் வெளிவந்த முடிவின்படி, கருவிகள் ஓடினவா நின்றனவா என்பதால் அதில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே எங்கள் வீட்டு மூலையில் மீட்டர் காட்டியது அங்கே மின்பலகை இருக்கிறது என்பதை மட்டுமே. தங்கைக்கு அந்த உணர்வு ஏன் வருகிறது என்பதை அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

வெப்பமானியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஆவி இருக்குமிடத்தில் காற்று சில்லிட்டுப்போகும், அந்தக் குளிர்ந்த இடத்தை இதைக் கொண்டு தேடுங்கள் என்கிறது கையேடு. அகச்சிவப்பு வெப்பமானியோ காற்றின் வெப்பத்தை அளப்பதில்லை. எதிரே இருக்கும் பரப்பின் வெப்பத்தையே அளக்கிறது. அறையின் நடுவே நீட்டினால் எதிர்ச்சுவரின் அளவுதான் கிடைக்கும். கண்ணாடியையோ பளபளப்பான உலோகத்தையோ நோக்கி நீட்டினால், எதிரே நிற்கும் உங்களின் வெப்பமே பிரதிபலித்து எண்ணைக் குழப்பிவிடும். சன்னல் ஓரத்தில் குளிர்காற்று நுழையும் இடுக்கைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இது நன்றாகவே உதவியது. மோஷன் சென்சார் இரவில் அடித்த இரண்டு தடவையும் பூனைதான்.

ஒலிப்பதிவுக் கருவியின் தரம் எதிர்பார்த்ததைவிட நன்று. 1959இல் பறவைகளின் ஒலியைப் பதிவு செய்யப்போன இடத்தில் இறந்தவர்களின் குரல் பதிவானதாகச் சுவீடனின் ஃபிரெட்ரிக் யூர்கென்சன் அறிவித்த பிறகு, ஒலிப்பதிவில் ஆவிகளின் குரலைத் தேடும் வழக்கம் பரவியது. அமைதியான அறையில் இத்தகைய கருவிகள் தாமாகவே ஒலியுணர்வைக் கூட்டிக்கொள்வதால் பின்னணி இரைச்சல் பெருகிவிடும்; அந்த இரைச்சலில் சொற்களைத் தேடினால் காது எப்படியும் இரண்டொரு சொற்களைக் கண்டுபிடித்தே தீரும். தேடுவதற்கு முன்னால் இன்ன சொல் கேட்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், பிறகு எல்லோருக்கும் அதே சொல்தான் கேட்கும். நாங்கள் கூடத்தில் இரவு முழுவதும் பதிவு செய்ததைக் காலையில் தங்கை ஓடவிட்டாள். விடியற்காலைப் பகுதி வந்தபோது, அதுவரை வேறு வேலையாக இருந்த அம்மா அருகில் வந்து நின்று கேட்டார். பிறகு, “அப்பா இருமுறது இதுல விழலையா?” என்றார். 

அப்பா இறந்த பின், பெரும்பாலும் விடியற்காலையில், கூடத்திலிருந்து அவருடைய இருமல் அம்மாவுக்குக் கேட்டு வந்திருக்கிறது. எங்களில் யாருக்கும் தெரியாது. எங்களைக் கவலைப்படுத்த வேண்டாம் என்பதால் சொல்லவில்லை என்றார். தமக்கு அதில் பயமே இல்லை என்றும், எழுந்திருக்க வேண்டிய நேரம் ஆகிவிட்டது என்று அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதாகவும் சொன்னார். இது அபூர்வமும் அல்ல, நோயின் அறிகுறியும் அல்ல. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டியூயி ரீஸ், துணையை இழந்த 293 பேரை நேரில் விசாரித்து 1971இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ பாதிப்பேர் இறந்த துணையின் இருப்பை உணர்ந்ததாகவோ, அவரைக் கண்டதாகவோ, குரலைக் கேட்டதாகவோ கூறினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது ஆறுதலாக இருந்தது. அதைவிட முக்கியமாக, அவர்களில் பெரும்பாலோர் அதை அதற்குமுன் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அம்மாவின் இருமலும், அண்ணனின் மார்பு அழுத்தமும், தங்கையின் மூலையும் அதற்கு ஒரே வகை ‘நடமாட்டம்’தான்.

இந்த நிலையில்தான் ஸ்பிரிட் பாக்ஸைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. இது வானொலி அலைவரிசைகளை நிற்காமல் வருடிக்கொண்டே செல்லும் ஒரு சாதாரண ரேடியோ. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு நொடியைவிடக் குறைவாகவே நிற்பதால், இரைச்சலுக்கு நடுவே அறுபட்ட எழுத்துகளும் பாதிச் சொற்களும் வந்து விழுகின்றன. அமெரிக்காவின் ஃபிராங்க் சம்ப்டன் 2002இல் உருவாக்கிய பெட்டியிலிருந்து இந்த வகை பரவியது. ஆவிகள் இந்தச் சிதறல்களைப் பொறுக்கிச் சேர்த்துப் பேசுகின்றன என்பது விற்பவர்களின் விளக்கம். கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்பவருக்கு எந்தச் சிதறலும் விடையாகத் தோன்றும் என்பதே நடைமுறை. பொழுதுபோக்காகக் கூடி உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கு இது விளையாட்டாக இருக்கலாம். அண்மையில் ஒருவரை இழந்த வீட்டில் இது விளையாட்டு அல்ல. தங்கை ஆவலோடு அதை இயக்கி, “அப்பா, இருக்கீங்களா?” என்று கேட்டாள். அம்மா கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, வந்து விழுந்த ஒவ்வொரு துண்டையும் உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் கண்ணைத் திறந்து, “உங்கப்பா இப்படி அரைகுறையாப் பேசுற மனுஷனே இல்ல. அதை நிறுத்தும்மா,” என்றார். எங்கள் அம்மாவுக்கு அந்தத் தெளிவு இருந்தது. எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு சொல்லுக்காக இரவெல்லாம் அந்த இரைச்சலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பவரை என்னால் எளிதாகக் கற்பனை செய்ய முடிகிறது. இதை மற்ற நான்கோடு ஒரே பெட்டியில் வைத்து விற்பதுதான் இந்தத் தொகுப்பின் மீது எனக்கு இருக்கும் பெரிய குறை.

இருக்க வேண்டிய ஒரு பொருள் இதில் இல்லை. கண் மருத்துவர் வில்லியம் வில்மர் 1921இல் ஒரு மருத்துவ இதழில் பதிவு செய்த குடும்பம், காலடி ஓசைகளும் விசித்திர உருவங்களும் தலைவலியும் சோர்வுமாக ஒரு வீட்டில் அல்லலுற்றது. பழுதான உலையிலிருந்து வீட்டுக்குள் பரவிய கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று பின்னர் தெரியவந்தது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு சேர்ந்துகொள்ளும். ஒரே வீட்டில் பலருக்கு ஒரே காலத்தில் தலைவலியோடு இத்தகைய அனுபவங்கள் தொடங்கினால் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான். அதற்கான எச்சரிக்கைக் கருவி சிறியது, பரவலாகக் கிடைப்பது, உயிரைக் காப்பது. எரிபொருள் எரியும் எந்த வீட்டிலும் அது இருக்க வேண்டும். நாங்கள் தனியாக வாங்கிப் பொருத்தினோம். அது இதுவரை ஒலிக்கவில்லை.

அண்ணனுக்கு இந்தக் கருவிகள் எதுவுமே பயன்படவில்லை. கனவுநிலைத் தூக்கத்தில் தசைகள் செயலிழந்திருக்கும். அந்நிலை நீங்குவதற்குள் மூளை விழித்துக்கொண்டால் உடல் கட்டுண்டு கிடக்க, கனவின் உருவங்கள் அறைக்குள் தெரியும். தூக்க முடக்கம் எனப்படும் இது, பொதுமக்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் நேர்கிறது என்று 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. மல்லாந்து படுப்பதும் தூக்கம் ஒழுங்கற்றுப் போவதும் இதைக் கூட்டும். அவர் ஒருக்களித்துப் படுக்கப் பழகிய பிறகு குறைந்திருக்கிறது என்கிறார்.

வாங்க நினைப்பவர்கள், சில கடைகளில் இதே பொருள்கள் தனித்தனியாகவும் கிடைக்கின்றன என்பதைக் கவனிக்கலாம். மீட்டரும் ஒலிப்பதிவுக் கருவியும் போதும். மீட்டரில் மூன்று திசைகளிலும் (அச்சுகளிலும்) அளந்து எண்ணாகக் காட்டும் வகை இருந்தால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். விளக்கு வகை பயமுறுத்துவதற்கு வசதியானது, அளப்பதற்கு அல்ல. கையேட்டின் கடைசியில் நேரம், இடம், அளவு, உடனிருந்தவர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள ஒரு படிவம் இருக்கிறது. அந்த ஒரு பக்கம் உண்மையிலேயே நன்றாக அமைந்திருக்கிறது. நடந்ததை மறுநாளுக்குத் தள்ளாமல் அப்போதே, மற்றவரிடம் பேசுவதற்கு முன்பே எழுதிவிட்டால், பிறகு சேரும் மெருகைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது. தங்கை அதைப் படியெடுத்து வைத்துக்கொண்டு இன்னும் நிரப்பி வருகிறாள்.