அடி மாற்றி அணியும் பூட்ஸ்: பழுதுபார்ப்பவரை நம்பி வாங்கிய ஒருவரின் நீண்டகால அனுபவம்

ஒரே ஜோடித் தோல் பூட்ஸை அடிப்பகுதி மாற்றி மாற்றிப் பல ஆண்டுகளாக அணிந்து வருகிறேன். அதே காலத்தில், பசையால் ஒட்டிய நடைக்காலணிகள் பல என் காலுக்கு வந்து போயின. காலணி பழுதுபார்க்கும் தொழில் சுருங்கிவரும் வேளையில், அந்தச் சேவையை நம்பிச் சற்று விலை கூடிய காலணியை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது தோலின் மினுமினுப்பை அன்று. மேற்பகுதியும் சோலும் எப்படி இணைக்கப்பட்டுள்ளன என்பதைத்தான். என் பூட்ஸ் குட்இயர் வெல்ட் முறையில் தைக்கப்பட்டது. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வல்கனைஸ் முறைக்காக அறியப்பட்ட சார்லஸ் குட்இயரின் மகன் 1870களில் இயந்திரத்துக்குக் கொண்டுவந்த இந்த முறையில் தையல்கள் இரண்டு உண்டு. வெல்ட் எனப்படும் தோல் பட்டையை மேல்தோலோடும், பாதம் பதியும் உள் அட்டையோடும் ஒரு தையல் பிணைக்கிறது; அதே பட்டையோடு சோலை மற்றொரு தையல் பிணைக்கிறது. சோல் தேய்ந்தால் வெளித்தையலை மட்டும் அறுத்துவிட்டுப் புதியதைத் தைக்கலாம். மேல்தோலில் ஊசி படுவதே இல்லை. உள் அட்டைக்கும் சோலுக்கும் இடையே நிரப்பப்படும் கார்க், நாளடைவில் அணிபவரின் பாதத்துக்கு ஏற்ப அழுந்திக்கொள்கிறது. பழுதுபார்ப்பவர் சோலைக் கழற்றும்போது இந்தக் கார்க்கையும் புதுப்பித்துத் தருவார், அல்லது தர வேண்டும்.

லைமன் பிளேக் 1858இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் வேறு வகை. அது சோலையும் உள் அட்டையையும் ஒரே தையலால் ஊடுருவித் தைக்கிறது. காலணி இலகுவாக அமையும், நன்றாக வளையும். ஆனால் காலணிக்குள் நுழையும் நீண்ட கையுடைய இயந்திரம் இல்லாமல் அதை மீண்டும் தைப்பது கடினம். பசையால் ஒட்டிய காலணிகளில் இந்த வாய்ப்பும் குறைவு. அவற்றில் பலவற்றுக்கு அடியில் இருக்கும் பாலியூரித்தேன் நுரை, காற்றின் ஈரத்தால் வேதிமாற்றம் அடைந்து, பெட்டிக்குள் சும்மா வைத்திருந்தாலும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடுகிறது. அப்படி உதிர்ந்த ஒன்றை எடுத்துச் சென்றபோது, ஒட்டுவதற்கு உறுதியான பரப்பே இல்லை என்று பழுதுபார்ப்பவர் திருப்பித் தந்துவிட்டார். அவர் சொன்னது முழுக்கச் சரி.

இத்தனை ஆண்டுகளில் நான் உணர்ந்தது, பழுதுபார்ப்பவர் பக்கத்தில் இருப்பதே பழுதுபார்ப்பின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்பதுதான். குதிகாலின் அடியில் இருக்கும் மெல்லிய ரப்பர் துண்டு தேய்ந்தவுடன் மாற்றினால் அது சில நிமிட வேலை. அதைத் தள்ளிப்போட்டால், தேய்மானம் மேலே உள்ள தோல் அடுக்குகளுக்கு ஏறி, குதிகாலையே மறுபடி கட்ட வேண்டிய நிலை வரும். முன்பகுதிச் சோலும் அப்படியே; அது முற்றிலும் ஓய்ந்த பிறகும் நடந்துகொண்டிருந்தால் அடுத்துத் தேய்வது வெல்ட் பட்டை, அதன் பிறகு தைக்க இடமில்லை. நடந்து போகும் தொலைவில் ஒருவர் இருந்தவரை என் காலணிகள் அந்தக் கட்டத்தை எட்டியதில்லை. அவர் தொழிலை விட்ட பின் தொலைவில் உள்ள பட்டறைக்கு அனுப்பத் தொடங்கியபோது, இன்னும் கொஞ்சம் ஓட்டலாம் என்ற நினைப்பு தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது. இது சோம்பல் என்பதைவிட, தொலைவு விளைவிக்கும் கணக்கு என்றே கருதுகிறேன்.

முதலாமவர் காலணியைக் கையில் வாங்கியதும் கவிழ்த்துப் பார்ப்பார். குதிகாலின் வெளி ஓரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, முன்பாதத்தில் எந்த இடம் குழிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, சோல் முழுவதையும் மாற்றாமல் முன்பாதி மட்டும் போட்டால் போதும் என்றோ, குதியின் ஓரத்தில் சிறிய லாடம் அடிக்கலாம் என்றோ சொல்வார். எதையும் செய்ய வேண்டாம், இன்னும் சில மாதம் போகட்டும் என்று அனுப்பிவைத்ததும் உண்டு. அஞ்சலில் காலணியைப் பெறும் பட்டறையில் தையல் சீராக இருக்கிறது, ஓரம் அழகாகத் தேய்க்கப்பட்டு வருகிறது. ஆனால் படிவத்தில் நான் குறித்த வேலைதான் நடக்கிறது. என் நடையைப் பார்த்தவர் அங்கே யாரும் இல்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை வேறொரு கடையில் பழைய சோலைவிடத் தடித்த ரப்பரைப் போட்டுவிட்டார்கள். குதிகாலை அதற்கேற்ப உயர்த்தாததால் பாதத்தின் சாய்வு மாறி, நடக்கும்போது விரல்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டதைப் போலிருந்தது. பழைய பசையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுப் பசை பூசப்பட்டதால் மழைக்காலத்தில் முனை வாய்பிளந்த அனுபவமும் உண்டு. முழுச்சோல் மாற்றும் கூலி, மலிவான புதிய காலணியின் விலையை எளிதில் தாண்டிவிடும். மேல்தோல் தரமாக இல்லாவிட்டால் இந்தச் செலவுக்குப் பொருளே இல்லை.

மலையேற்ற பூட்ஸ் மட்டும் ஓரளவு விதிவிலக்கு. 1935இல் ஆல்ப்ஸ் மலையில் நேர்ந்த விபத்தில் தோழர்களை இழந்த விட்டாலே பிரமானி, 1937இல் ஆழமான பள்ளங்கள் கொண்ட ரப்பர் சோலை உருவாக்கினார். அவர் பெயரைச் சுருக்கியே விப்ராம் என்ற பெயர் வந்தது. அத்தகைய சோல்கள் தனியாகவும் விற்கப்படுவதால், தேய்ந்ததைக் கழற்றிப் புதியதை ஒட்டும் வேலை இன்னும் நடக்கிறது. ஆனால் அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் அதற்கென்றே இயங்கும் பட்டறைக்காரர்கள். தெருமுனைக்காரரின் கைக்கு அது வருவதில்லை.

யான் மாட்ஸெலிகர் 1883இல் மேல்தோலைப் பாத வடிவ அச்சுக்கட்டையில் இழுத்துப் பொருத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்; கைவினைஞர் நாளுக்கு 50 ஜோடி முடித்த இடத்தில் அது 700 ஜோடி வரை முடித்தது. காலணி செய்யும் வேலை இப்படி இயந்திரத்துக்குப் போன பிறகும் பழுதுபார்ப்பது கையிலேயே நின்றது, ஏனெனில் அந்தக் காலணிகள் தையலால் ஆனவை, பிரிக்க முடிந்தவை. பசையும் அச்சில் வார்த்த சோலும் வந்த பின்னரே கைக்கு வேலை குறைந்தது. வாடகையும் கூலியும் அடுத்த காரணங்கள்தாம்.

என் பூட்ஸின் இன்றைய நிலை: மேல்தோலில் வளையும் இடத்தில் மெல்லிய வெடிப்புகள், உள் அட்டை திடம், வெல்ட் பட்டையில் தையல் துளைகள் நெருங்கிவிட்டன. இன்னொரு சோலை அது தாங்கும். அதற்கடுத்த முறை வெல்ட்டையே மாற்ற வேண்டும். அதற்குக் காலணியை அதே அளவுள்ள அச்சுக்கட்டையில் ஏற்றி, உள் அட்டையோடு புதுப் பட்டையைத் தைக்க வேண்டும். அதைக் கையாலோ இயந்திரத்தாலோ செய்யத் தெரிந்தவர் எட்டும் தொலைவில் இருக்கிறாரா என்பதை விசாரித்துவிட்டு இவ்வகைக் காலணியை வாங்குங்கள். இல்லையென்றால், நல்ல மேல்தோல் கொண்ட பசைக் காலணியே செலவுக்கு ஏற்றது.