தட்டுப் பயிற்சியா, அடுக்களை வேலையா, கைத்தொழிலா?

வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர், வாழ்க்கைக்கு வேண்டிய வேலைகளைக் கைப்படச் செய்யவைத்துக் கற்பிக்க நினைக்கும்போது அவர்கள் முன் மூன்று வழிகள் நிற்கின்றன: மாண்டிசோரி முறைப்படி தனித்தனித் தட்டுகளில் பயிற்சிப் பொருள்களை எடுத்துவைப்பது, அன்றாட வீட்டுவேலையில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது, காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியைப் போல ஒரு கைத்தொழிலைப் படிப்பின் நடுவில் வைப்பது. என் இரு பிள்ளைகளோடு மூன்றையும் செய்துபார்த்த பிறகு, வீட்டுவேலையின் பக்கமே நான் சாய்கிறேன்.

மாண்டிசோரி முறை நமக்குப் புதிதன்று. 1907இல் ரோமில் முதல் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கடினத்தை மட்டும் பிள்ளையின் முன் வைப்பதுதான் இம்முறையின் பலம். ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்கு முதலில் தானியத்தை ஊற்றிப் பழகிய பிறகே தண்ணீர் வரும். கண்ணாடியும் பீங்கானும் உண்மையானவையாக இருப்பதால், கை தவறினால் என்னவாகும் என்பதைப் பெரியவர்கள் சொல்லத் தேவையில்லை. மூன்று முதல் ஐந்து வயதுவரை இதற்கு ஈடான தொடக்கம் வேறில்லை என்றே கருதுகிறேன். பொத்தான் போட்டுப் பழகுவதற்கான துணி பொருத்திய மரச்சட்டகத்தை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை, பழைய சட்டையே போதும். ஆனால், தட்டில் ஊற்றும் தண்ணீர் யாருடைய தாகத்தையும் தீர்ப்பதில்லை. ஆறு வயதை எட்டும்போது பிள்ளைக்கே அது தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது வழியான வீட்டுவேலைக்கு இட்லி மாவை எடுத்துக்கொள்வோம். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று ஆழாக்கால் அளப்பதில் விகிதம் இருக்கிறது. ஊறவைத்து, அரைத்து, இரவு முழுதும் புளிக்கவைப்பதில் நேரக் கணக்கு இருக்கிறது. சித்திரையில் பொங்கி வழியும் மாவு மார்கழியில் ஏன் எழும்ப மறுக்கிறது என்ற கேள்வியில் உயிரியலே இருக்கிறது. தண்ணீர் கூடிப்போனால் மறுநாள் இட்லி தட்டையாகிவிடும், வீட்டில் எல்லோரும் அதைத்தான் சாப்பிட வேண்டும். தன் வேலை பிறருக்குப் பயன்படுகிறது என்பதையும், தன் பிழை பிறரைத் தொடுகிறது என்பதையும் இவ்வளவு நேராகக் காட்டும் பாடம் வேறு எந்த வழியிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

இவ்வழியின் குறை பெற்றோரின் அவசரம். காலை ஏழரை மணிக்கு அடுக்களையில் நிற்கும் பிள்ளைக்கு "அதை எடு, இதைக் கொடு" என்ற எடுபிடி வேலைதான் கிடைக்கும், அதில் கற்க ஒன்றுமில்லை. அதனால், அவசரமில்லாத ஒரு நாளில், தொடக்கம் முதல் பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பதுவரை ஒரு வேலையை முழுமையாகப் பிள்ளையிடம் ஒப்படைத்து, வழக்கமான நேரத்தைப் போல இரு மடங்கு ஒதுக்கிவைக்க வேண்டும். அடுப்பும் மிக்ஸியும் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: மகளுக்குப் பாத்திரமும் மகனுக்குக் கடைத்தெருவும் என்று பிரித்துவிட்டால், இது கல்வியாகாமல் பழைய வழக்கமாகவே முடிந்துவிடும்.

கைத்தொழில் வழி, ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு உரியது. தக்ளி என்னும் கைக்கதிரில் நூற்ற நூலை அளப்பதில் கணக்கும், பஞ்சு விளையும் மண்ணைப் பற்றிப் பேசுவதில் புவியியலும் தாமே வந்து சேரும் என்பது அதன் அடிப்படை. மூன்றிலும் ஆழமானது இதுவே. ஆனால் தொழில் தெரிந்த ஒருவர் வாரம் தவறாமல் உடனிருந்தால்தான் நடக்கும். எங்களுக்கு அப்படி ஒருவர் அமையாததால், மொட்டைமாடித் தொட்டிகளில் சிறுகீரை விதைத்தோம். ஏறத்தாழ இருபத்தைந்து நாளில் பறிக்கலாம் என்பதால், விதைத்த தேதி, முளைத்த தேதி, பறித்த எடை என்று ஒரு நோட்டில் குறித்துவர ஏழு வயதுப் பிள்ளைக்கும் பொறுமை போதுமானதாக இருந்தது.