டபிள்யூ124: பழைய பென்ஸ் வாங்குவதென்றால் இதை வாங்குங்கள்

பழைய மெர்சிடிஸ் ஒன்று வாங்கலாமா, எந்த மாடல் நல்லது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: டபிள்யூ124, அதாவது இன்றைய இ-கிளாஸ் வரிசையில் 1984 கடைசியில் வந்த மாடல். அதிலும் ஐந்து சிலிண்டர் 250 டீசல். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் எஸ்லிங்கனில் குடியிருக்கிறேன். என்னுடையது 1991 மாடல், ஆட்டோமேட்டிக் கியர், 94 குதிரைத்திறன். காட்சிக்கு நிறுத்தி வைத்திருக்கும் வண்டியில்லை. வேலைக்குப் போய் வருவது, வாரச்சந்தைக்குப் போவது எல்லாம் இதில்தான்.

இன்று இ-கிளாஸ் என்று சொல்லும் வரிசையின் வேர் 1953-இல் வந்த பொன்டோன். தனிச் சட்டத்தின் மேல் பாடியை ஏற்றும் முறையை விட்டுவிட்டு, பாடியே பாரத்தைத் தாங்கும்படி மெர்சிடிஸ் செய்த முதல் கார் அது. 1961-இல் பின்பக்கம் துடுப்பு வைத்த மாடல், 1968-இல் டபிள்யூ115. இந்த டபிள்யூ115-இல்தான் 1974-இல் ஐந்து சிலிண்டர் டீசலை வைத்தார்கள்; உலகிலேயே விற்பனைக்கு வந்த காரில் அதுதான் முதல்முறை. கிரேக்க டாக்சி ஓட்டுநர் கிரிகோரியோஸ் சச்சினிதிஸ் 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மெர்சிடிஸிடமே திருப்பிக் கொடுத்த 240 டி, இந்த டபிள்யூ115 குடும்பம்தான். 

அடுத்து, 1976-இல் டபிள்யூ123. கிட்டத்தட்ட 27 லட்சம் கார்கள். வந்த புதிதில் காத்திருப்போர் பட்டியல் நீண்டு, கொஞ்சம் ஓடின வண்டி புதிய வண்டியைவிட அதிக விலைக்குப் போன காலம் அது. தந்த நிறத்தில் டாக்சியாக ஓடி ஜெர்மனிக்கே முகமாகிவிட்டது. இன்றைக்குப் பழைய பென்ஸ் என்றால் எல்லோரும் தேடுவதும் அதைத்தான், விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது. அழகான கார், மறுக்கவில்லை. ஆனால் தினமும் ஓட்டுவதற்கு என்று வந்தால் 124 எங்கோ இருக்கிறது.

1984 கடைசியில் அறிமுகமானபோது புரூனோ சாக்கோ தலைமையிலான குழு கொடுத்த உருவத்தைப் பார்த்துச் சப்பென்று இருக்கிறது என்றவர்கள் உண்டு. என் கண்ணுக்கு இன்றுவரை இந்த வரிசையிலேயே இதுதான் அழகு. டபிள்யூ123-இல் 0.42 ஆக இருந்த காற்றுத்தடை எண்ணை இதில் 0.29 வரைக்கும் இறக்கினார்கள். நெடுஞ்சாலையில் 120-இல் போகும்போது காற்றுச் சத்தம் குறைவாக இருப்பதும், 100 கிலோமீட்டருக்கு எனக்கு ஏழு, ஏழரை லிட்டர் டீசலே போதுமாக இருப்பதும் அதனால்தான். டாங்க் 70 லிட்டர். நிரப்பிவிட்டால் பங்க் பக்கமே பல நாள் போக வேண்டாம்.

இந்தக் காரில் என்னை அதிகம் கவர்ந்தது வைப்பர். முன்கண்ணாடிக்கு ஒன்றே ஒன்றுதான். சாதாரணமாக ஒற்றை வைப்பர் அரைவட்டம் போட்டுவிட்டு மேல் மூலைகளை அப்படியே அழுக்காக விட்டுவிடும். இதில் கைக்குள் ஒரு பல்சக்கர அமைப்பு இருக்கிறது. மூலையை நெருங்கும்போது கை மேல்நோக்கி நீள்கிறது, நடுவில் வரும்போது சுருங்குகிறது. கண்ணாடியில் அது துடைக்கும் பாதை ‘எம்’ எழுத்தைப் போலத் தெரியும். 86 சதவீதம் கண்ணாடி சுத்தமாகிவிடும். ஜனவரி மாதம் முன்னால் போகிற லாரி உப்புச்சேற்றை வாரி அடிக்கும்போது அதன் அருமை தெரியும். பின்விளக்கில் வரி வரியாகப் பள்ளம் இருப்பதும் இதற்காகத்தான்: மேடுகளில் சேறு அப்பினாலும் பள்ளங்கள் வழியே வெளிச்சம் வந்துவிடும்.

பின் சக்கரங்கள் ஒவ்வொன்றையும் ஐந்து கைகள் பிடித்திருக்கின்றன. 1982-இல் வந்த சின்ன 190 மாடலுக்காகச் செய்த அமைப்பு இது. குண்டும் குழியுமான ரோட்டில் தூக்கிப்போடாது, வேகமாக வளைந்தாலும் பின்பக்கம் அலையாது. இரண்டையும் ஒரே வண்டியில் கொடுப்பது லேசில்லை. சீட்டுக்குள் ஸ்பிரிங் இருக்கிறது. உட்கார்ந்ததும் கொஞ்சம் கெட்டியாகத் தோன்றும். ஐந்து மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினால் முதுகு வலிக்காது. கதவு பூட்டுவது காற்றழுத்தத்தில். சாவியைத் திருப்பினால் பின்சீட்டுக்கு அடியிலிருக்கும் பம்ப் ஒரு நொடி முனகும், எல்லாக் கதவும் பூட்டிக்கொள்ளும்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. வண்டி மெதுவாகத்தான் கிளம்பும். ஆட்டோமேட்டிக்கில் லேசாக மிதித்தால் இரண்டாம் கியரில்தான் புறப்படும். மலைப்பாதையில் முந்திப் போக நினைத்தால் முன்கூட்டியே திட்டம் போட வேண்டும். அந்தக் கால ஜெர்மன் வாடிக்கையாளர் ஏசிக்குப் பதில் சன்ரூஃப் கேட்டு வாங்கியதால், பல வண்டிகளில் ஏசியே கிடையாது, ஜூலையில் கஷ்டம். வேகம் வேண்டும் என்பவர்களுக்காக போர்ஷேயோடு சேர்ந்து செய்த 500 இ இருக்கிறது, 326 குதிரைத்திறன் வி8. அதன் பாடி மெர்சிடிஸின் சிண்டல்ஃபிங்கன் ஆலைக்கும் போர்ஷேயின் சுஃபன்ஹௌசன் ஆலைக்கும் மாறி மாறிப் போய்வந்து தயாரானது. விலை கேட்டால் தலை சுற்றும்.

எந்த வருடம் வாங்குவது? 1993-இல் முகத்தை மாற்றி ‘இ’ எழுத்தை எண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். பார்க்க அழகு, ஆனால் அந்தக் காலத்து பெட்ரோல் இன்ஜின்களின் ஒயரிங்கில் ஒரு பெரிய தலைவலி உண்டு: ஒயரின் மேலுறை சூட்டில் காய்ந்து பொடியாக உதிரும். மாற்றியாயிற்றா என்று ரசீது பார்க்காமல் தொடாதீர்கள். 1995-இல் வந்த டபிள்யூ210 நாலு வட்ட விளக்கோடு புதுசாகத் தெரிந்தது, துருவில் மானம் போனது. 124-இன் தரத்துக்கு அது வரவேயில்லை என்பது என் தீர்மானமான கருத்து. 

நம்மூருக்கும் இந்தக் காருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1995-இல் மெர்சிடிஸ் இந்தியாவில், புனேயில், டெல்கோவோடு (இன்றைய டாடா மோட்டார்ஸ்) சேர்ந்து முதன்முதலில் பாகங்களைப் பூட்டித் தயாரித்து விற்ற கார் டபிள்யூ124-தான். அங்கே இப்போது பார்க்கிறவர்களும் கீழே சொல்வதைக் கவனித்துக்கொள்ளலாம்.

ஜெர்மனியில் 30 வயதைத் தாண்டி, நல்ல நிலையிலும் இருந்தால் பாரம்பரிய வண்டி என்று காட்டும் ‘எச்’ எழுத்துப் போட்ட நம்பர் பிளேட் கிடைக்கும். சாலை வரி வருடத்துக்கு 191 யூரோதான்; இல்லையென்றால் பழைய டீசலுக்குப் பல மடங்கு கட்ட வேண்டும். அதனாலேயே துரு பிடித்ததைப் பூசி மெழுகி விற்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். 1989-க்குப் பிறகு வந்த வண்டிகளில் கதவின் கீழ்ப்பாதியை மூடி அகலமான பிளாஸ்டிக் பட்டை இருக்கும். துரு அதற்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும். ஜாக்கி வைக்கும் இடம், சக்கர வளைவு இரண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டீசலில் பிரேக்குக்கு உறிஞ்சுவிசை கொடுக்கும் வேக்குவம் பம்பை மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். அதன் பேரிங் உடைந்தால் டைமிங் செயினையும் சேர்த்துக் கெடுத்துவிடும். இன்ஜினுக்கு அடியில் சத்தத்தை அடக்கும் மூடி இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். ஆயில் மாற்றக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டாமல் விட்டது நிறைய. பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றிக் காட்டச் சொன்னால் விற்கிறவர் இழுத்தடித்தால், அந்த வண்டி வேண்டாம். அடுத்ததைப் பாருங்கள்.