கூரையோர வடிகால்: வலை போடுவதா, கையால் அள்ளுவதா?

ஊட்டிக்கு ஜூன் மழை, குன்னூர் கோத்தகிரிக்கு அக்டோபர் மழைதான் பெரிது. அதற்கு முன்பே வடிகாலில் சருகு இருக்கக் கூடாது.

செலவு: வலைக்கு முதலில் ஒரு தொகை, அள்ளுவதற்கு வருடா வருடம் கூலி.

உழைப்பு: சில்வர் ஓக் இலை வலைமேலேயே தங்கும், துடைப்பத்தால் தள்ளினால் சரி. பைன் ஊசி அப்படியில்லை. வலைக்கண்ணில் குத்திட்டு நிற்கும். அதில் மண்ணும் பாசியும் சேர்ந்தால் வலையைக் கழற்றித்தான் அள்ள வேண்டும். இரட்டை வேலை!

பாதுகாப்பு: வலை இருந்தால் ஏணி ஏறுவது குறையும். ஈரக்கூரையில் ஏறவே ஏறாதீர்கள்.

சில்வர் ஓக் சூழ்ந்த மாடி வீட்டுக்கு வலை. பைன் மரத்தடியில் தாழ்ந்த கூரை என்றால் கையால் அள்ளுவதையே சொல்வேன். அப்புறம், ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, கீழ்க்குழாய் வழியாகத் தடையில்லாமல் வருகிறதா என்று பாருங்கள்.